நல்ல தண்ணி

ஜானகியம்மாள் காபியோடு ஹாலுக்கு வந்தபோது ஹரி மீன்தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். அதில் புதிதாக ஒன்றுமில்லை. போன ஐப்பசியிலிருந்து அவன் உட்காரும் இடமே அதுதான். டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு நிமிர்ந்தவள் அப்போதுதான் தொட்டியைப் பார்த்தாள்.

மீன்களெல்லாம் மேலே மிதந்தன.

மஞ்சள், நீலம், புலிக்கோடு போட்டவை. ஒரு நிமிடம் சும்மா இருக்காமல் ஒன்றையொன்று விரட்டிக் கடித்துத் திரிந்தவை எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. செவுள்கள் விரிந்து நிறம் வெளுத்துப் போயிருந்தன. காற்றுக்குழாய் விட்ட குமிழிகளில் அவை லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

"ஐயோ! என்னய்யா இது? எல்லாமேவா?"

ஹரி திரும்பவில்லை. "எல்லாந்தாம்மா."

அவன் அழுதிருந்தால்கூட அவளுக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

பூவனநாதன் - ஜானகியம்மாளுக்கு ஹரி ஒரே மகன். கோவில்பட்டியில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ்; தொழிற்சாலையை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். சென்னையில் படிப்பை முடித்து வந்த ஹரி, அப்பாவோடு நின்று தொழில் பார்த்தான். ஆவணியில் எட்டயபுரம் மிளகாய் வத்தல் வியாபாரி இராமச்சந்திரனின் மகள் சத்யபிரியாவைக் கட்டினான். ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின வாரம், ஆபீஸில் தீக்குச்சிக்கு மருந்து கலக்கும் மருந்து ரூமில் தீப்பிடித்தது. உள்ளே வேலை பார்த்துச் சிக்கிக்கொண்ட சுடலையம்மாளை இழுக்கப் போனவன், அவளைக் காப்பாற்றவும் முடியாமல், முகமும் இரண்டு கைகளும் வெந்து வெளியே வந்து விழுந்தான். மதுரை ஆஸ்பத்திரியில் உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். விரல்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.

அதன்பிறகு அவன் வாசற்படி தாண்டவில்லை. பெண்டாட்டியை வேறு அறையில் படுக்கச் சொல்லிவிட்டான். பேச்செல்லாம் அந்த மீன்களோடுதான்.

ஆப்பிரிக்காவில் மலாவி என்றொரு ஏரி. அங்கே வாழும் சிக்லிட் மீன்கள் அவை. படிக்கிற காலத்தில் சென்னைக் கொளத்தூர் மீன்சந்தையில் வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். கோவில்பட்டியில் வேறு எந்த வண்ணமீனும் நிலைப்பதில்லை. போர் தண்ணி அத்தனை உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஆனால் அந்த ஏரி மீன்களுக்கு அப்படிப்பட்ட கடினத் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளுமாம். மனிதர்கள் வாயில் வைக்க முடியாத தண்ணீரில் ஆப்பிரிக்க மீன்கள் குஞ்சு பொரித்துப் பெருகின.

கை போன பிறகு மீன்களுக்குச் சத்யபிரியாதான் கை. பாதித் தண்ணீரை மாற்றுவது, கல்லைப் புரட்டிக் கழுவுவது, தீனி போடுவது எல்லாம் அவன் சொல்லச் சொல்ல அவள் செய்வாள். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது அந்த நேரத்தில் மட்டும்தான்.

"பிரியா! ஏட்டி பிரியா! இங்கன வா!"

சத்யபிரியா ஈரத்தலையோடு ஓடிவந்தாள். தொட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். பிறகு கிட்டே போய், ஒரு கை நீரை அள்ளி முகர்ந்தாள்.

"அத்தை, இது நல்ல தண்ணி. நேத்து லாரியில வந்ததுல்லா? பிளீச்சிங் வாடை குப்புன்னு அடிக்கு. இத யாரு இதுல ஊத்துனா?"

"என்னையக் கேக்கியா? தொட்டியில தண்ணி ஊத்துறது இந்த வீட்டுல யாரு?"

"நான் போர் தண்ணிதான் ஊத்துவேன். இந்தத் தண்ணி பட்டா செவுள் வெந்துரும். எனக்குத் தெரியாதா?"

"தெரியும். உனக்கு நல்லாவே தெரியும். அதான் கேக்கேன்."

சத்யபிரியா மாமியாரைத் திகைத்துப் பார்த்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் நடந்தது ஜானகியம்மாளின் காதில் இன்னும் இருந்தது. ஆபரேஷன் செய்தால் விரல்களைப் பிரிக்கலாம் என்று மதுரை டாக்டர் சொல்லி மாதங்கள் ஆகியிருந்தன. போவோம் என்று சத்யபிரியா கெஞ்சினாள். "மீனை யாரு பாக்க?" என்றான் ஹரி. அவள் கத்திவிட்டாள். இந்த மீனெல்லாம் செத்தால்தான் எனக்கு விடியும் என்று அவள் கத்தியது தெருவில் போனவர்களைக்கூடத் திரும்பிப் பார்க்க வைத்தது.

"சொன்னியா இல்லியா?"

"சொன்னேன் அத்தை. கோவத்துல சொன்னேன். அதுக்காகக் கொல்லுவேனா? இதுக ஒவ்வொண்ணையும் எனக்கு அடையாளம் தெரியும்."

ஜானகியம்மாள் செத்த மீன்களை அள்ள வாளி தேடிப் பின்பக்கம் போனாள். போனவள் உடனே திரும்பி வந்தாள். முகம் மாறியிருந்தது.

"துணி ஊற வைக்கிற டப்புல ஒரு மீன் உசிரோட நிக்கி. வலை போட்டு மூடி வச்சிருக்கு. யாரு வச்சது?"

"நாந்தான். நேத்து ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால எடுத்து வச்சேன்."

"ஏன்?"

"வாயில முட்டை வச்சிருக்கு அத்தை. அந்தச் சாதி மீன் முட்டையை வாயிலயே வச்சுத்தான் குஞ்சாக்கும். மத்த மீனு விடாம விரட்டும். அதனால தனியா எடுத்து வைக்கணும். அவியதான் எடுக்கச் சொன்னாவ. கேட்டுப் பாருங்க."

ஜானகியம்மாள் மகன் பக்கம் திரும்பினாள். "ஏலே, நீ சொன்னியா?"

ஹரி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கன்னத்தில் தையல் போட்ட இடம் ஒருமுறை துடித்து அடங்கியது.

"சொல்லுங்க," என்றாள் சத்யபிரியா. "சாப்பாட்டுக்கு முன்னால கூப்பிட்டுச் சொன்னீங்கள்ல? அந்த மஞ்சள் வாய மூடியே வச்சிருக்கு, தீனி எடுக்கல, தனியா எடுத்துருன்னு?"

"எனக்கு ஞாபகம் இல்ல," என்றான் ஹரி.

சத்யபிரியா புருஷனையே பார்த்தாள்.

"பெறவு என்னட்டி?" ஜானகியம்மாளின் குரல் உயர்ந்தது. "பாவம் பாத்து ஒண்ண மட்டும் விட்டு வச்சியாக்கும்! எம்புள்ளைக்கு உலகத்துல இருந்ததே இந்த மீனுதான். அதுல மருந்தக் கலந்த தண்ணிய ஊத்துனியே, நீ பொம்பளையா? அவன் சோத்துல என்னத்தக் கலப்பியோ, யாரு கண்டா?"

அந்த வார்த்தைக்காவது ஹரி வாய் திறப்பான் என்று சத்யபிரியா காத்திருந்தாள். அவன் எழுந்து தன் அறைக்குள் போனான். கதவைக் காலால் சாத்தினான்.

அவள் போன் ஸ்டாண்டுக்குப் போய் எட்டயபுரத்து எண்ணைச் சுழற்றினாள். "அப்பா, என்னைய வந்து கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்ததாக அந்தப் போனை ஜானகியம்மாள் எடுத்தாள்.

தீப்பெட்டி ஆபீஸில் பூவனநாதன் போனைக் காதில் வைத்தபோது நல்ல மனநிலையில் இருந்தார். அன்று காலை வீட்டிலிருந்து நடந்தே வந்திருந்தார். வழியில் எதிர்ப்பட்டவர்களோடு நின்று பேசினார்.

"உங்க மருமக எல்லா மீனையும் கொன்னுட்டா," என்றாள் ஜானகியம்மாள். "லாரித் தண்ணிய ஊத்திக் கொன்னுட்டா. அந்தத் தண்ணி மீனுக்கு விசமாம். தெரிஞ்சே ஊத்திருக்கா. வீட்டுக்கு வாங்க."

"எந்தத் தண்ணிய?"

"நல்ல தண்ணிய. கேக்குதா? நல்ல தண்ணிய."

அவர் போனை மெல்ல வைத்தார்.

விடியுமுன்பே கரண்ட் போயிருந்தது. பேன் நின்ற புழுக்கத்தில் விழித்தவர், தண்ணீர் குடிக்க ஹாலுக்கு வந்தார். டார்ச் அடித்தபோது தொட்டியில் மீன்களெல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. காற்று மிஷின் நின்றதால் அவை அப்படித் தவிக்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. அந்தத் தொட்டியின் பக்கம் அவர் போனதே இல்லை. உப்புத் தண்ணீர் முற்றிப்போய் மீன்களுக்கு மூச்சு அடைக்கிறது என்று நினைத்தார்.

மகனை எழுப்பியிருக்கலாம். எழுப்பினால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஐப்பசிக்குப் பிறகு அவர் அந்த முகத்தை நேராகப் பார்த்ததில்லை.

வாளியால் தொட்டியை இறைத்து முருங்கை மரத்தடியில் ஊற்றினார். முந்தின நாள்தான் லாரி வந்து தரைத்தொட்டியை நிரப்பிவிட்டுப் போயிருந்தது. அந்தக் கோடையில் ஊரே ஒரு குடம் நல்ல தண்ணிக்கு அடித்துக்கொண்டது. அவர் குடம் குடமாக மொண்டு வந்து மீன்களுக்கு ஊற்றினார். அறுபதை நெருங்குகிறவருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. ஊற்றி முடித்ததும் கரண்ட் வந்தது. மிஷின் ஓட ஆரம்பித்தது. மீன்கள் உள்ளே இறங்கி நீந்தின. பிழைத்துக்கொண்டன என்று நினைத்தார். மகனுக்காக ஒன்று செய்துவிட்டோம் என்ற நினைப்போடு குளித்துவிட்டு, யாரும் எழுவதற்கு முன்பே கிளம்பி வந்தார்.

இப்போது போய் என்ன சொல்வது?

சொல்லிவிடலாம், சொல்லிவிடத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர், மத்தியானம் நெருங்கும்போதுதான் ஸ்கூட்டரை இரவல் வாங்கி வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் இராமச்சந்திரன் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வத்தல் நெடி. கடையிலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறார். சத்யபிரியா ஒரு பையோடு சுவரோரம் நின்றாள். யாரோ தொட்டியைக் காலி செய்திருந்தார்கள். அடியில் கற்கள் மட்டும் ஈரமாகக் கிடந்தன.

"வாங்க அண்ணாச்சி," என்று எழுந்தார் இராமச்சந்திரன். "உங்களுக்காகத்தான் இருக்கேன். ஜானகி தங்கச்சி என்னமோ சொல்லுதாவ. மீனக் கொன்னவ, நாளைக்குப் புருசனையும் கொல்லுவாங்காவ. நான் ஒண்ணும் சண்டைக்கு வரல. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. எம்புள்ள இந்தக் காரியத்தச் செஞ்சிருப்பாளா?"

பூவனநாதன் மருமகளைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரிடம் அவள் எதையும் கேட்டதில்லை.

சம்பந்திக்கு முன்னால், பெண்டாட்டிக்கு முன்னால், சாத்திய அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் மகன் காதில் விழ, நான்தான் என்று சொல்ல வேண்டும்.

"நடந்தது நடந்து போச்சு," என்றார். "வீடு இருக்குற இருப்புல... கொஞ்ச நாள் அங்கன இருந்துட்டு வரட்டுமே."

இராமச்சந்திரன் தலையை மெல்ல ஆட்டினார். "சரி அண்ணாச்சி. ஏம்மா, வா."

வாசலில் செருப்பைப் போட்ட சத்யபிரியா நின்றாள். சாத்தியிருந்த கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"டப்புல இருக்குறதுக்குத் தீனி போட்ராதீங்க. குஞ்சு வெளிய விடுற வரைக்கும் அது சாப்பிடாது. போர் தண்ணி மட்டும் ஊத்துங்க."

கதவு திறக்கவில்லை.

அவர்கள் போனபிறகு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. வெயில் ஏறி, ஓட்டுத் தாழ்வாரம் கொதித்தது. ஜானகியம்மாள் அடுப்படியில் படுத்துவிட்டாள். வெகு நேரம் ஹாலில் உட்கார்ந்திருந்த பூவனநாதன் கடைசியில் எழுந்து மகனின் கதவைத் தள்ளினார்.

ஹரி கட்டிலில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். அவர் அவன் முகத்தைப் பார்த்தார். காது இருந்த இடம், இமை இழுத்துக்கொண்ட இடது கண், எல்லாவற்றையும் பார்த்தார்.

"ஹரி. அந்தத் தண்ணிய நாந்தான் ஊத்துனேன்."

"தெரியும்ப்பா."



"உங்க துண்டு தொட்டி மேல கெடந்துச்சு," என்றான் ஹரி. "தண்ணி வாடையும் அடிச்சுது. பாத்ததும் புரிஞ்சு போச்சு. அம்மா வாரதுக்குள்ள துண்ட எடுத்து மெத்தைக்கு அடியில வச்சேன்."

"மேல வந்து தவிச்சுதுலே. அதப் பாத்துத்தான்..."

"காத்து இல்லாமத் தவிச்சிருக்கும். அதும் தெரியும். நீங்க வேணும்னு செஞ்சியன்னு நான் சொல்லல."

"பெறவு ஏம்லே பேசாம இருந்த? அந்தப் பிள்ளைய உங்கம்மா அப்படிப் பேசுதா. ஞாபகம் இல்லன்னு வேற சொன்னியாமே."

"அவ போகட்டும்னுதான்."

ஹரி தன் கைகளை மடியில் புரட்டிப் பார்த்தான்.

"இருபத்து மூணு வயசுப்பா. ரெண்டு மாசம் பொண்டாட்டியா இருந்தா. அதுக்குப் பெறவு நர்ஸு. சட்ட போட்டு விடுதா, சோறு ஊட்டுதா, மூக்கு சிந்தி விடுதா. போன்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். போமாட்டேங்கா. மனசு விட்டுப் போனாத்தான் போவா. காலைல அம்மா கேட்டப்ப, இதான் சமயம்னு தோணுச்சு. ஒரே ஒரு பொய்."

"அடப்பாவி."

"நான் அடப்பாவிதான். நீங்க ஏன் பேசல? மாமா உங்களத்தான கேட்டாவ. எனக்கு இங்கன வரைக்கும் கேட்டுச்சு."

பூவனநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அன்னைக்கும் நீங்க பேசல," என்றான் ஹரி. அவன் குரல் உயரவே இல்லை. "தீப்பிடிச்சதுக்கு அதிகாரிங்க விசாரணைக்கு வந்தப்ப. மருந்து ரூமுக்கு இன்னொரு கதவு போடணும்னு நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். தீபாவளி சரக்குப் போகட்டும், பெறவு பாப்போம்னிய. அதச் சொல்லல. வேல பாத்தவ கவனமில்லாம இருந்துட்டான்னு யாரோ எடுத்துக் குடுத்தாவ. நீங்க ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. சும்மா இருந்திய. எல்லாம் சுடலையம்மா தலையிலயே விடிஞ்சிருச்சு. அவ மகளை ஊருல என்னன்னு பேசுதாவ தெரியுமா? ஆபீஸக் கொளுத்துனவ மகள்னு."

"ஏலே, போதும்லே."

"கட்டுப் போட்டுக் கெடந்தாலும் எனக்கு வாய் இருந்துச்சு. நானும் பேசல. இன்னைக்கும் பேசல. என்ன செய்ய? நான் உங்க மகன்தானப்பா."

பின்னால் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. ஜானகியம்மாள் சோற்றைப் பிசைந்து கொண்டுவந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி நிமிர்ந்தாள்.

"சோத்துல என்னத்தக் கலப்பியோன்னு கேட்டுட்டனே," என்றாள். "எம்மகளா இருந்தா நான் அந்த வார்த்தையத் தாங்கிருப்பனா?"



"கெளம்புங்க," என்றாள் புருஷனிடம். "துண்டப் போடுங்க. எட்டயபுரம் போவோம். ஏலே, நீயும் வா."

ஹரி அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெருவில் பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டான்.

எட்டயபுரம் பஸ்ஸில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் போனார்கள். இருபுறமும் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. இரண்டு வருஷமாக மழை ஏமாற்றிய நிலம். ஆங்காங்கே முள் நிறைந்த உடைமரங்கள் மட்டும் பச்சையாக நின்றன.

இராமச்சந்திரனின் வீடு வத்தல் குடோனுக்குப் பின்பக்கம். உள்ளே நுழைந்ததும் ஜானகியம்மாளுக்கு நெடியில் இருமல் வந்தது. சம்பந்தி நாற்காலி எடுத்துப் போட்டார். செம்பில் தண்ணீர் கொடுத்தார். வாங்க என்று சொல்லவில்லை.

சத்யபிரியா உள்ளிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

பூவனநாதன் உட்காரவில்லை. "அம்மா," என்றார். அவர் அவளை அப்படி அழைப்பது அதுதான் முதல் தடவை. "அந்தத் தண்ணிய ஊத்துனது நான். நல்லது செய்யுதேன்னு நெனைச்சு ஊத்திட்டேன். மத்தியானம் உங்கப்பா கேட்டப்பவே சொல்லிருக்கணும். சொல்ல எனக்குத் திராணி இல்ல."

ஜானகியம்மாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பேசுனதுக்கு என்னைய எதால வேணும்னாலும் அடி. திரும்பி மட்டும் வந்துரும்மா."

சத்யபிரியா கையை உதறவில்லை. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது ஒரு கணம்தான் நின்றது.

"அவிய ஏன் ஞாபகம் இல்லன்னு சொன்னாவ?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொல்லுங்க மாமா. நீங்க ஊத்துனீங்கன்னு அவியளுக்கு எப்பம் தெரியும்?"

இதை மறைத்துவிடலாம் என்று ஜானகியம்மாளின் கண்கள் கெஞ்சின. பூவனநாதன் தரையைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

"காலைலயே தெரியும். நீ இங்கன வந்து நல்லா இருக்கணும், அவனோட கெடந்து சீரழியக் கூடாதுன்னு நெனைச்சிருக்கான். அதுக்காகத்தான் சொன்னானாம்."

சத்யபிரியா மாமியாரின் கையிலிருந்து தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"அவிய என்னையச் சந்தேகப்பட்டிருந்தாக்கூட இப்பமே பைய எடுத்துட்டு உங்ககூட வந்துருப்பேன்," என்றாள். "வலியில இருக்குற மனுசன், புத்தி பேதலிச்சுப் பேசிட்டாவன்னு இருந்துருப்பேன். தெரிஞ்சுக்கிட்டே என்னைய நிக்க வச்சு வேடிக்க பாத்துருக்காவ. நான் எங்க நல்லா இருப்பேன்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டாவளா?"

"நல்லதுன்னு நெனைச்சுத்தாம்மா..."

"உங்க வீட்டுல எல்லாரும் நல்லதுதான் அத்தை நெனைக்கிய. வாயத் தொறக்கத்தான் யாருக்கும் ஆக மாட்டேங்கு."

இராமச்சந்திரன் "பிரியா" என்றார், கண்டிப்பது போல. அவள் அவரைப் பார்க்கவில்லை.

"நான் வரணும்னா அவியளே வந்து கூப்பிடணும். போன்ல இல்ல. கார் பிடிச்சு, கண்ணாடிய ஏத்திக்கிட்டு இல்ல. பஸ்ஸுல வரணும். மூஞ்சில துண்டப் போட்டு மூடாம வரணும். நாலு பேரு பாக்க, பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து வந்து, நான் பொய் சொன்னேன்னு எங்கப்பாகிட்டச் சொல்லணும்."

"அவன் வாசப்படி தாண்டி ஏழெட்டு மாசம் ஆகுதேம்மா," என்றாள் ஜானகியம்மாள். "இது நடக்குற காரியமா?"

"தெரியல. நடக்கலைன்னா, அவிய நெனைச்ச மாதிரி நான் இங்கனயே நல்லா இருந்துக்கிடுதேன்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றபோது ஜானகியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி கேட்டாள்: "இத அவன்கிட்ட யாரு சொல்ல?"

"நான் சொல்லுதேன்."

அவள் திரும்பிப் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "இதையாவது சொல்லுவியளா?"

"சொல்லுதேன்," என்றார் பூவனநாதன். பஸ் வரும் திசையைப் பார்த்தபடி, "இது மட்டுமில்ல. சுடலையம்மா வீட்டுக்கும் போகணும். அவ மகளைப் பாக்கணும்," என்றார்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டரிடம் "கோவில்பட்டி ரெண்டு" என்ற பூவனநாதன், மகனிடம் எப்படித் தொடங்குவது என்று யோசித்துப் பார்த்தார். கோவில்பட்டி எல்லை வந்தது. நாலைந்து விதமாக ஆரம்பித்துப் பார்த்தும் முதல் வார்த்தை கிடைக்கவில்லை.